விலை மலிவான கிளைடரும் நம் ஊர் ஈரக்காற்றும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த மாதம் தங்கள் ஞாயிறு பதிப்பின் வாசகர் பக்கத்தில் கோலகங்சாரைச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் கடிதம் வெளியாகியிருந்தது. தாமும் தம் நண்பர் மூவருமாகச் சேர்ந்து, ஜெர்மனியில் விற்பனைக்கு வந்திருக்கும் ஏறத்தாழ அறுபது ஆண்டுப் பழமையான மரக் கிளைடர் வானூர்தி ஒன்றை வாங்கி, கப்பலில் வரவழைத்து, கைவிடப்பட்ட தோட்டத்து ரப்பர் புகைக்கூடத்தில் நிறுத்திவைத்துப் பறக்க எண்ணுவதாக அவர் எழுதியிருந்தார். அதன் விலை ஒரு பழைய மைவி காரின் விலையைவிடக் குறைவு என்றும், விவரம் தெரிந்தவர்கள் யோசனை சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தார். மறு வாரம் அதற்கு வந்த பதிலில் இன்னொரு வாசகர், அது கோடீஸ்வரர்களின் விளையாட்டு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை எதற்கு என்று முடித்துவிட்டார். இரண்டு கடிதங்களையும் படித்த பிறகு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் அந்தக் கோடீஸ்வரர் பேச்சுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் லயத்து வீட்டில் பிறந்தவன். அப்பாவைப் போலவே ரப்பர் ஆலையில் ஃபிட்டராகத் தொடங்கி, பின்னர் பதினொரு ஆண்டுகள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பழம் பதனிடும் ஆலையொன்றில் அதே வேலையைச் செய்தேன். அந்த மாநிலத்தின் வடபகுதியில் பெனல்லா என்ற சிற்றூர் இருக்கிறது. 2017 ஜனவரியில் உலகக் கிளைடர் போட்டி நடந்தது அங்கேதான். அந்த வட்டாரத்தில்தான் வார இறுதிகளில் நானும் பறக்கக் கற்றுக்கொண்டு, ஒரு பள்ளி ஆசிரியரோடும் ஒரு பால்பண்ணைக்காரரோடும் பங்கு சேர்ந்து பழைய கிளைடர் வைத்திருந்தேன். எங்கள் மூவரில் கோடீஸ்வரர் எவரும் இல்லை. கிளைடருக்கு இயந்திரம் கிடையாது. நம் தோட்டத்து ஆலைக் கூரைக்கு மேலே காலை பத்து, பதினொரு மணிக்குச் செம்பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு உயர்வதை நாமெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள்தாமே, அதே வெப்பக் காற்றில் அதே வேலையைத்தான் கிளைடரும் செய்கிறது. மேலே ஏறிய பிறகு எரிபொருள் செலவே இல்லாத பொழுதுபோக்கு எப்படிப் பணக்காரர்களுக்கு மட்டும் உரியதாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆகவே ஆசையில் பிழையில்லை. பிழை அந்த இளைஞர் தேர்ந்தெடுத்திருக்கும் பொருளில் இருக்கிறது. மரத்தால் ஆன கிளைடரை மலேசியாவுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சொன்னால் போதாது, காரணத்தையும் காட்ட வேண்டும் என்பதால் கடிதம் சற்று நீளும். ஆசிரியர் பொறுத்தருள வேண்டும்.

அவர் குறிப்பிட்ட கிளைடர் கா 6 என்ற வகையைச் சேர்ந்தது. அதன்மேல் எனக்கும் ஒரு காலத்தில் காதல் இருந்தது. ஜெர்மனியின் வாஸர்குப்பே மலையடிவாரத்தில் போப்பன்ஹவுசன் என்ற ஊரில் அலெக்சாண்டர் ஷ்லைஷர் 1927இல் தொடங்கிய பட்டறையில், ருடால்ஃப் கைசர் என்ற வடிவமைப்பாளர் 1950களில் உருவாக்கிய வானூர்தி அது. ஹைன்ஸ் ஹூத் என்ற ஜெர்மானியர் 1960இலும் 1963இலும் அதை ஓட்டியே ஸ்டாண்டர்ட் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். பதினைந்து மீட்டர் நீள இறக்கை, மெல்லிய ஒட்டுப்பலகை உடல், காற்றில் கையெழுத்துப் போடுவதுபோல் இலேசாகத் திரும்பும் குணம். ஐரோப்பியச் சங்கங்கள் கண்ணாடியிழைக் கிளைடர்களுக்கு மாறிவிட்டதால் இவை சில ஆயிரம் யூரோவுக்கே கிடைக்கின்றன. விலைக்குறைவு மோசடி அன்று. அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன, அவற்றுக்கு உலர்ந்த கூடமும் நேரமும் வேண்டும், அதனால்தான் விலை விழுந்திருக்கிறது.

எங்கள் மூவருக்கும் முதலில் அமைந்தது ஒரு கா 6தான். வாங்கிய கதையைச் சொல்வதற்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. விற்றவர் புதிதாக வெள்ளைச் சாயம் பூசி, இருக்கைக்குச் சிவப்பு உறை தைத்து, கண்ணாடி மூடியைத் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தார். நாங்கள் விலைக்கு வாங்கும் மாட்டின் பல்லைப் பார்க்காமல் கொம்பில் கட்டிய சலங்கையைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்தவர்கள். சில மாதங்கள் கழித்து அந்நாட்டில் ஆண்டுதோறும் கட்டாயமாகச் செய்யப்படும் ‘படிவம் 2’ (Form 2) என்ற ஆய்வு வந்தது. ஆய்வு செய்த முதியவர் வேறெதையும் தொடாமல், சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, இறக்கையின் அடிப்பகுதியை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். நம் வீட்டுப் பெண்கள் தேங்காயைத் தட்டிப் பார்ப்பார்களே, அதே கவனம். ஓரிடம் வரை கணீரென்று வந்த ஓசை, உடலோடு இறக்கை சேரும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஈரப் பலகையைத் தட்டியதுபோல் மந்தமாகிவிட்டது. இறக்கையைப் போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தபோது, விலாச் சட்டங்களை முதன்மைச் சட்டத்தோடு பிணைத்திருந்த பசை சுண்ணாம்புப் பொடியாக உதிர்ந்தது.

காரணம் கிளைடரில் இல்லை, அதைப் பிரித்து உள்ளே வைத்து இழுத்துச் செல்லும் மூடிய வண்டியான டிரெய்லரில் இருந்தது. அதன் கூரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு வழியாகப் பல ஆண்டுகளாக மழைநீர் சொட்டியிருக்கிறது. இறக்கையின் அடியில் நீர் வடிவதற்கென்றே விடப்பட்டிருந்த சிறு துளைகளைப் புதுச்சாயம் அடைத்துவிட்டது. எங்களை மயக்கிய அந்தப் பளபளப்புத்தான் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்த கதவு. ஒரு பருவம் முழுவதும் பறக்கவில்லை. பழுது பார்க்கக் கேட்ட கூலி வாங்கிய விலையில் இரண்டு மடங்கு. கடைசியில் உதிரி பாகங்களுக்காக அதைக் கொடுத்துவிட்டோம்.

மழை குறைந்த வடவிக்டோரியாவிலேயே இப்படியென்றால், நம் பேராக் மாநிலத்தில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தைப்பிங் நாட்டிலேயே அதிக மழை பெறும் நகரங்களில் ஒன்று. நம் வீட்டு அலமாரியில் தொங்கும் வேட்டியிலேயே ஆறு மாதத்தில் பூஞ்சணம் பூக்கிறது. மரக் கிளைடர்களில் பழையனவற்றுக்குப் பால் புரதத்திலிருந்து செய்த கேசீன் பசையையும், பின்வந்தவற்றுக்கு யூரியா ஃபார்மால்டிஹைட் வகைப் பசையையும் பயன்படுத்தினார்கள். முதலாவதைப் பூஞ்சை தின்னும். இரண்டாவது, வெப்பமும் ஈரமும் மாறிமாறித் தாக்கும்போது ஆண்டுகள் செல்லச்செல்ல நொறுங்கும் தன்மை கொண்டது. இது புதிதாக யாரும் கண்டுபிடித்த உண்மையும் அன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் பெருமையாக இருந்த மொஸ்கிட்டோ என்ற மரப் போர் விமானங்கள் இந்தியாவுக்கு வந்த பிறகு, 1944ஆம் ஆண்டின் இறுதியில், மரமும் ஒட்டும் சார்ந்த குறைகளால் சிலவற்றின் இறக்கை பறக்கும்போதே முறிய, எஞ்சியவற்றைத் தரையில் நிறுத்திவைத்துச் சோதிக்க வேண்டியதாயிற்று. ஒரு பேரரசின் பட்டறைகள் எல்லாம் சேர்ந்து காக்கத் திணறியதை நால்வர் சேர்ந்து ஒரு புகைக்கூடத்தில் காத்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

அந்தப் புகைக்கூடத்தைப் பற்றியும் ஒரு சொல். நான் அதற்குள் வேலை செய்தவன். ரப்பர் ஷீட்டை உலர்த்துவதற்காகக் கட்டப்பட்ட இடம் என்பதால் கிளைடருக்கும் உலர்ந்த இடமாக இருக்கும் என்று அந்த இளைஞர் கருதியிருக்கலாம். அடுப்பு எரிந்த காலத்தில்தான் அது உலர்ந்திருந்தது. அடுப்பணைந்து இருபது முப்பது ஆண்டுகள் ஆன கூடத்தில் தகரம் ஓட்டையாகி, மண் தரையில் ஈரம் ஏறி, கறையான் குடியேறியிருக்கும். பழம்பொருள் மேல் பாசம் கொண்டவர்களுக்கு அந்த இடம் பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை.

மரம் வேண்டாமென்றால் அடுத்தது கண்ணாடியிழை. ஸ்டுட்கார்ட் நகரத்து மாணவர் குழுவொன்று 1957இல் ஃபீனிக்ஸ் என்ற முதல் கண்ணாடியிழைக் கிளைடரைப் பறக்கவிட்டது. பத்தே ஆண்டுகளில் அந்தத் தொழில்நுட்பம் சந்தைக்கு வந்துவிட்டது. கிளாஸ்ஃப்ளூகல் நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் லிபெல்லே 1967இலும், ஷெம்ப்-ஹிர்த் நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் சிர்ரஸ் 1969இலும், குரோப் நிறுவனத்தின் ஆஸ்டிர் 1974இன் இறுதியிலும் முதன்முதலாகப் பறந்தன. நூற்றுக்கணக்கில் செய்யப்பட்டதால் இன்றும் விற்பனைக்கு வந்துகொண்டிருப்பவை இவை. விலை கா 6ஐவிடச் சில மடங்கு கூடும். நால்வர் பகிர்ந்தால் ஒருவருக்கு ஆகும் தொகை ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலையைச் சுற்றித்தான் இருக்கும்.

கண்ணாடியிழை அழுகாது. ஆயினும் அதற்கும் மூப்பு உண்டு. மேற்பரப்பில் ஜெல்கோட் என்ற வெள்ளைப் பூச்சு இருக்கும். பல ஆண்டு வெயிலில் அது மயிரிழை வெடிப்புகளாகப் பிளக்கத் தொடங்கும், பார்வைக்கு வறண்ட குளத்துச் சேறு போலிருக்கும். வெடிப்பு பூச்சோடு நின்றுவிட்டதா, அடியிலுள்ள இழை வரை இறங்கிவிட்டதா என்பதுதான் கேள்வி. பூச்சைச் சுரண்டி மறுபூச்சுச் செய்ய நூற்றுக்கணக்கான மணி நேரம் கைத்தேய்ப்பு வேலை பிடிக்கும், கூலி கொடுத்துச் செய்வித்தால் கிளைடரின் விலையையே விழுங்கிவிடும். அதனால் விளம்பரத்தில் மறுபூச்சு ஆனது என்றிருந்தால், யார் செய்தது, எந்த ஆண்டு, ஆவணம் உண்டா என்று கேட்க வேண்டும். எங்கள் சிவப்பு உறைக் கதையை நினைவில் கொள்ளுங்கள். கிளைடர்கள் ஏன் எப்போதும் வெள்ளையாகவே இருக்கின்றன என்று சிலர் கேட்பதுண்டு. இழைகளைப் பிணைக்கும் அந்தக் காலத்துப் பிசின் ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால் வலிமை குன்றும். நம் ஊர் நண்பகல் வெயிலில் கறுப்புக் கார் ஒன்றின் கூரையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆசைக்குக்கூட அதில் பெரிய வண்ணக் கோடுகள் தீட்டாதீர்கள்.

பறப்பு மணி நேரமும் முக்கியம். அக்காலத்தில் ஜெர்மானியக் கண்ணாடியிழைக் கிளைடர்களுக்கு முதலில் 3,000 மணி நேரம் என்று வரம்பு வைத்து, அதை எட்டியதும் சிறப்பாய்வு செய்து படிப்படியாக நீட்டித்தார்கள். ஆகவே 2,900 மணி நேரம் பறந்த கிளைடர் மலிவாக வருகிறதென்றால், அடுத்து வரப்போகும் ஆய்வுச் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று பொருள். பறப்புப் பதிவேட்டில் எத்தனை ஏற்றம், எத்தனை மணி நேரம், எந்த ஆண்டில் அடிபட்டது, யார் பழுது பார்த்தார், கடைசியாக எப்போது எடை போடப்பட்டது என்பதெல்லாம் இருக்க வேண்டும். பதிவேடு தொலைந்துவிட்டது என்று சொன்னால், கிளைடர் எத்தனை அழகாக இருந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது. பழைய புரோட்டோன் சாகா காரைப் பதிவு ஆவணம் இல்லாமல் வாங்குவோமா?

இனி, புதிதாக வாங்குவோர் எல்லாரும் விழும் பள்ளத்துக்கு வருகிறேன். அதன் பெயர் சறுக்கு விகிதம். ஒரு மீட்டர் உயரத்தை இழக்கும்போது எத்தனை மீட்டர் முன்னே செல்லும் என்பதே அது. ஷ்லைஷரின் கா 8 என்ற பயிற்சிக் கிளைடருக்கு அது 27; லிபெல்லேக்கு 38. சுங்கை சிப்புட்டுக்கு மேலே 1,000 மீட்டர் உயரத்தில், காற்று அசையாத நேரத்தில் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் ஈப்போ விமான நிலையம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். கா 8 ஈப்போ நகரத்துக் கூரைகளுக்கு மேலேயே உயரத்தை இழந்துவிடும், லிபெல்லே இருநூறு மீட்டருக்கு மேல் கையிருப்போடு ஓடுதளத்தைத் தாண்டும். அனுமதியின்றி அந்த வான்வெளிக்குள் நுழைய முடியாது என்பது வேறு விஷயம். இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் எல்லாரும் பெரிய எண்ணைத் தேடி ஓடுகிறார்கள். நானும் ஓடியவன்தான்.

ஆனால் நம் வட்டாரத்துக்கு அந்த எண்ணைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வெப்பக் காற்று கிடைக்காமல் போனால் எங்கே இறங்குவது? ஆஸ்திரேலியாவில் கோதுமை அறுத்த வயலில் இறங்கி, பண்ணைக்காரர் கொடுக்கும் தேநீரைக் குடித்துக்கொண்டு டிரெய்லருக்குக் காத்திருக்கலாம். இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை. மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர், கிளைடரின் இறக்கையோ 15 மீட்டர். தோட்டச் சாலையில் பழம் ஏற்றும் லாரி போனாலே இருபுறமும் மட்டை உரசும். மிஞ்சுவது பள்ளித் திடல், அறுவடையான வயல், பழைய ஈயக்குட்டையின் மணல்மேடு. குறுகிய இடத்தில், சுற்றிலும் உயர்ந்த மரங்களுக்கு மேலாக இறங்கி, குறைந்த வேகத்தில் தரையைத் தொட்டு நிற்க வேண்டிய நிலையில், எத்தனை தூரம் சறுக்கும் என்பதைவிட எத்தனை செங்குத்தாக இறக்கிக் கொண்டுவர முடியும் என்பதுதான் உயிரைக் காக்கும். இறக்கையிலிருந்து மேலெழும் தடுப்புப் பலகைகளை ஏர்பிரேக் என்கிறோம். லிபெல்லேயில் அவை சிறியவை, தரையை நெருங்கிய பிறகும் அது மிதந்துகொண்டே போகும் என்று அதை ஓட்டியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். சிர்ரஸில் வேறொரு குணம்: வால் கிடைமட்டப் பலகை முழுவதுமே அசையும் அமைப்பாதலால், கைப்பிடியைச் சற்று அழுத்தினாலும் மூக்கு எழும்பித் தாழும். அனுபவசாலிக்கு அது இன்பம், ஐம்பது மணி நேரம்கூடப் பறக்காதவருக்குச் சோதனை.

இத்தனையும் யோசித்தால், என் மனம் ஆஸ்டிரிடம்தான் போய் நிற்கிறது. இதில் எனக்குச் சார்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் கா 6ஐ இழந்த பிறகு நாங்கள் வாங்கியது அதைத்தான். இறக்கைகள் கனம், பொருத்துவதற்கு மூன்று பேர் மூச்சு வாங்க வேண்டும், போட்டிக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் இருக்கை விசாலமானது, வால் சாதாரண அமைப்பு, பிழைகளை மன்னிக்கும் குணம். ஒரே எச்சரிக்கை, அதன் முதல் வகையில் சக்கரம் உள்ளிழுக்கும் அமைப்பு. இறங்கும்போது சக்கரத்தை வெளியே விட மறந்து வயிற்றைத் தேய்த்தவர்கள் பலர், எங்கள் பள்ளி ஆசிரியரும் அவர்களுள் ஒருவர். எந்தக் கிளைடராயினும் இருக்கைக்கு எதிரே ஒட்டியிருக்கும் எடைக் குறிப்பையும் முதலில் படியுங்கள். பழைய கிளைடர்களில் பாராசூட்டோடு சேர்த்து ஓட்டுநரின் எடை பெரும்பாலும் 110 கிலோவுக்குள் இருக்க வேண்டும். குறைந்தபட்ச எடையும் உண்டு. நால்வரில் ஒருவர் நாசி லெமாக் பிரியராக இருந்தால் வாங்கிய பிறகு மனத்தாங்கல் வரும்.

உலோகக் கிளைடரும் உண்டே என்று யாரேனும் கேட்கலாம். அமெரிக்காவின் ஷ்வைட்சர் 1-26, 1954இல் முதலில் பறந்து ஏறத்தாழ 700 வரை செய்யப்பட்டது. சறுக்கு விகிதம் 23தான், ஆனால் சிறியது, உறுதியானது, மெதுவாக இறங்கும். துரு வந்திருக்கிறதா என்று பார்க்கும் கண் நம் ஆலைப் பட்டறைக்காரர்களுக்கு உண்டு. செக் நாட்டின் பிளானிக் எல்-13 பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு இருக்கை, இரண்டாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது, வியக்கத்தக்க விலைக்கு விளம்பரத்தில் வரும். 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஒன்றின் இறக்கை உலோகச் சோர்வால் பறக்கும்போதே பிரிந்து உயிரிழப்பு நேர்ந்தது. அதன்பின் அந்த வகையைத் தரையில் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. பின்னாளில் சில திருத்தங்கள் ஏற்கப்பட்டன என்றாலும், திருத்தம் செய்யப்படாதது காட்சிப்பொருள்தான். அடிமாட்டு விலைக்கு வரும் எல்-13ஐப் பார்த்தால் நண்பர்கள் இதை நினைவுகூர வேண்டும்.

டிரெய்லரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. யானையை வாங்கியவன் அங்குசத்துக்குத் தயங்கிய கதைதான். கிளைடர் தன் வாழ்நாளில் வானத்தில் இருப்பதைவிட டிரெய்லருக்குள் இருக்கும் காலமே மிகுதி. கூரை ஒழுகல், தரைப்பலகை, சக்கரத் தாங்கி, உள்ளே இறக்கையைத் தாங்கும் பிடிகள் ஆகியவற்றைக் கிளைடரைப் பார்ப்பதற்கு முன்பே பாருங்கள். மழை பெய்யும் நாளில் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் இன்னும் நல்லது.

கப்பல் கணக்கும் கொஞ்சம் பார்ப்போம். பதினைந்து மீட்டர் கிளைடரின் ஒவ்வோர் இறக்கையும் ஏழரை மீட்டர். இருபதடிக் கொள்கலனின் உள்நீளம் ஆறு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே நாற்பதடிக் கொள்கலன்தான் எடுக்க வேண்டும். அதன் வாடகை, ஜெர்மனியில் கட்டி ஏற்றும் கூலி, இங்கே இறக்கும் கூலி, சுங்க வேலைகள் எல்லாம் சேர்ந்தால் அந்தக் கா 6இன் விலையைத் தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்காகவே சொன்னதுபோல் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் மனம் பொறுக்காது. பழைய கிளைடர்களைப் பிரித்துப் பொருத்தும்போது, வால் பலகை, ஏர்பிரேக், இறக்கை ஓரத் திருப்பிகள் ஆகியவற்றின் கட்டுப்பாட்டுத் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் இணைக்க வேண்டும். புதிய கிளைடர்களில் அவை தாமாக இணையும். ஒன்றை மறந்துவிட்டு ஏறியவர்கள் இறந்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை அசைக்க, இன்னொருவர் வெளியே அந்தப் பலகையைக் கையால் பிடித்துத் தடுத்துப் பார்க்கும் சோதனையை, எத்தனை அவசரமானாலும், மேகம் எத்தனை அழகாகக் கட்டியிருந்தாலும் தவிர்க்கக் கூடாது. பேசிக்கொண்டே பொருத்தாதீர்கள். பொருத்தும் வேளையில் யாராவது வந்து குசலம் விசாரித்தால், முதலிலிருந்து தொடங்குங்கள்.

அந்த இளைஞரின் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது, எப்படி மேலே ஏறப்போகிறார்கள் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லாதது. கிளைடர் தானாக எழாது. ஆயிரம் மீட்டர் நீளக் கம்பியை வேகமாகச் சுருட்டி இழுக்கும் வின்ச் வேண்டும், அல்லது இழுத்துச் செல்லும் விமானம் வேண்டும், அதற்கேற்ற தளம் வேண்டும், பயிற்றுநர் வேண்டும், ஆண்டாய்வு செய்யத் தகுதி பெற்றவர் வேண்டும். பதிவும் பறப்புத் தகுதிச் சான்றும் ஓட்டுநர் உரிமமும் மலேசிய சிவில் வான் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பில் வருபவை. பணம் கொடுப்பதற்கு முன்பு அங்கே எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வானிலையும் எளிதன்று. காலையில் அழகாகத் தொடங்கும் மேகம் பிற்பகலில் கிழக்கு மலைத்தொடரை ஒட்டி இடிமுகிலாகத் திரண்டுவிடும். மூன்று மணிக்குப் பிறகு இறங்க இடம் தேடுவது எவருக்கும் உகந்ததன்று.

ஆகவே வரிசையை மாற்றும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் நால்வரும் எங்காவது ஒரு சங்கத்தில் பறக்கக் கற்றுக்கொள்ளட்டும். படிப்புக்கோ வேலைக்கோ ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, ஜெர்மனி என்று போகும் நம் பிள்ளைகள் இப்போது எவ்வளவோ பேர். அங்கேயே ஒரு பழைய கிளைடரில் பங்கு வாங்கினால், அதைப் பார்த்துக்கொள்ளும் கூடமும் கைகளும் வானமும் அங்கேயே இருக்கும். அந்த உலர்ந்த ஊர்களில் கா 6கூடத் தவறான தேர்வாகாது, நாணயத்தால் தட்டிப் பார்த்த பிறகு. பங்கு சேர்வதிலும் நம் தோட்டத்துப் பெண்கள் கூட்டுப் பணம் நடத்திய ஒழுங்கு வேண்டும். யார் எப்போது பறப்பது, காப்புறுதியில் ஈடு கிடைக்காத சேதத்தை யார் கட்டுவது, ஒருவர் விலகினால் அவர் பங்கை யார் எந்த விலைக்கு எடுப்பது என்று முதல் நாளே எழுதிக் கையொப்பமிட வேண்டும். எங்கள் மூவரிடம் அப்படி ஒரு தாள் இருந்ததால்தான், கா 6 போன பிறகும் நாங்கள் நண்பர்களாக இருக்கிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த இளைஞருக்கு ஜெர்மனியிலிருந்து ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்றிருந்தால், பணம் அனுப்புமுன் விற்பவரிடம் நான்கு படங்களைக் கேட்கட்டும்: பறப்புப் பதிவேட்டின் கடைசிப் பத்துப் பக்கங்கள், கடைசி எடை அறிக்கை, இறக்கை உடலோடு சேரும் இடத்தின் உட்பக்கம், டிரெய்லரின் தரை. என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அவர் விரும்பினால் அதை அவருக்குத் தெரிவிக்க என் சம்மதம் உண்டு. படங்கள் வந்தால் என் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம். நாணயம் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆலை ஃபிட்டர்,
சுங்கை சிப்புட், பேராக்.